அடைப்புக்குறிக்குள் ஒரு வருத்தம்

(சோப்புத் தொழிற்சாலையின் மக்கள் தொடர்பு அதிகாரிக்கு நடந்த வழியனுப்பு விழாவில், நாளேடு ஒன்றின் செய்தி ஆசிரியர் ஆற்றிய உரை)

அமைதியே உருவாக அவையை ஆண்டுகொண்டிருக்கும் தலைவர் அவர்களே! அடடா, சிரித்துவிட்டார், அமைதி போய்விட்டது. பரவாயில்லை, சோப்பு செய்து பலருக்குச் சோறு போடும் சிரித்த முகத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, "இந்த ஆள் எப்போது முடிப்பான்" என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் தொழிற்சங்கச் செயலாளர் அவர்களே! ஆலையின் அச்சாணிகளான அருமைத் தோழர்களே, தோழியரே! அவைக்கு அழகும் அதட்டலும் சேர்த்து அமர்ந்திருக்கும் அன்னையரே! குறிப்பாக, முன்வரிசையில் வீற்றிருக்கும் தாயே! இந்த விழாவின் நாயகியைப் பெற்றெடுத்து, பேசக் கற்றுக்கொடுத்து, நிறுத்தக் கற்றுக்கொடுக்க மறந்துபோன தாயே! கடைசி வரிசையில் நின்றபடி தேநீர் வரும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் என் சக பத்திரிகையாளர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். தேநீர் என் பேச்சு முடிந்த பிறகுதான் வருமாம். ஆகவே கைதட்டலைக் குறைத்துக்கொண்டால் உங்களுக்குத்தான் நல்லது.

நான் ஒரு பத்திரிகைக்காரன். இவரோ மக்கள் தொடர்பு அதிகாரி. பூனைக்குப் பாராட்டு விழா எடுத்து, வாழ்த்துரை வழங்க எலியைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! யார் பூனை, யார் எலி என்பது இத்தனை ஆண்டுகள் ஆகியும் எங்களுக்குள் முடிவாகவில்லை. நான் உண்மையைத் தேடிப் போவேன். வாசலில் இவர் நிற்பார். நான் முதலாளியைப் பார்க்கப் போவேன். மறுபடி இவர் நிற்பார். முன்கதவு பூட்டியிருக்கிறதே என்று பின்கதவு வழியாகப் போனால், அங்கே நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, "வாங்க, இவ்வளவு லேட்டா வர்றீங்களே" என்று இவர் நிற்பார்!

மக்கள் தொடர்பு அதிகாரி என்றால் யார்? ஊரைக் கேளுங்கள். "பெரியவங்களுக்கு சோப்பு போடுற ஆள்" என்று சொல்லும். இவரோ சோப்பு ஆலையிலேயே வேலை பார்க்கிறவர். விடுவோமா? எங்கள் பத்திரிகையாளர் மன்றத்தில் இவருக்கு 'சோப்பு அக்கா' என்று பெயர் வைத்தோம். வைத்தது யார் என்று கேட்கிறீர்களா? அங்கே ஒருவர் என்னைக் கை காட்டுகிறார். கையை இறக்குங்கள் ஐயா, அவருக்கு இது தெரியாது. தெரியுமா? சரி, தெரியுமாம்.

இந்த சோப்பு அக்கா முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு மின்விசிறிக் கம்பெனியில். புகார்த் தொலைபேசியில் உட்கார்ந்து வசவு வாங்குகிற வேலை. ஒரு வாடிக்கையாளர் விடாமல் கூப்பிடுவார். "விசிறி சுத்தலைம்மா, விசிறி சுத்தலைம்மா" என்று கெஞ்சுவார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனி கொடுத்த பதிலைச் சொல்லவில்லை. என்ன சொன்னார் தெரியுமா? "ஐயா, இப்படிக் கெஞ்சினா எங்க ஆளுங்க காதுல வாங்க மாட்டாங்க. குரலை உசத்தாதீங்க, ஆனா இறக்கவும் இறக்காதீங்க. மேனேஜர் பேரைக் கேளுங்க. எந்த நாள்ல சரி பண்ணுவீங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு சும்மா இருங்க. அவங்களாவே பேசுவாங்க. இப்ப என்கிட்டயே ஒரு தடவை சொல்லிப் பாருங்க!"

தன் கம்பெனியோடு சண்டை போட, தன் கம்பெனியின் தொலைபேசியிலேயே, வாடிக்கையாளருக்குப் பயிற்சி! விசிறி சுற்றியது. அக்காவின் வேலை போயிற்று. அந்த விசிறிக்காரர் யார் தெரியுமா? இதோ, தலையைக் குனிந்துகொள்கிறாரே, நம் தலைவர்! "நமக்குப் பேசக் கத்துக்கொடுத்த பொண்ணைத் தேடிப் பிடிங்கய்யா" என்று ஆள் அனுப்பி, இந்த ஆலைக்குக் கொண்டுவந்தார். வயதில் மூத்தவரான அவரே 'அக்கா' என்றார். அன்றிலிருந்து ஆலைக்கே அக்கா.

வந்தவர் சும்மா இருந்தாரா? இங்கே மாதிரி சோப்புகள் வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. எலுமிச்சை வாசமும் சந்தன வாசமும் சண்டை போட்டுக்கொள்கிற அறை. அங்கே ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கண்ணாடியே இல்லாத வெறும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, பேனாவால் முன்பல்லைத் தட்டித் தட்டி, "அப்படியா?" என்று கேட்பார். பேச அஞ்சுகிற எவரும் எதிரே உட்காரலாம். ஓட்டுநர் உட்கார்ந்தார், தட்டச்சுக்காரர் உட்கார்ந்தார், வாயிற்காவலர் உட்கார்ந்தார். குறுக்கே குறுக்கே கேட்டு, குடைந்து குடைந்து கேட்டு, அழ விட்டு, அழுகையை நிறுத்தச் சொல்லி மறுபடி கேட்டு, கடைசியில் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்ன பிறகுதான் அந்தச் சட்டத்தைக் கழற்றுவார்.

வீட்டில் இதை நான் நடித்துக் காட்டப்போய், என் மனைவிதான் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பேனாவால பல்லைத் தட்டறது, 'அப்படியா'ன்னு இழுக்கறது, இதெல்லாம் யாருன்னு உங்களுக்கு இன்னுமா தெரியல?" நான்தான்! இந்த ஆலையில் ஆண்டுக்கணக்கில் பிள்ளை பிடிக்கிற பூச்சாண்டியாக நான் பயன்பட்டிருக்கிறேன்! என்னைக் கேட்டார்களா? ஒரு சோப்பாவது கொடுத்தார்களா?

அந்த அறையிலிருந்து வெளிவந்தவர்களில் ஒருவர், பாரம் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வாய் பேசாப் பிள்ளையார். இன்று இதோ தொழிற்சங்கச் செயலாளர்! வாய் திறந்ததும் முதல் வேலையாக நிர்வாகத்தை எதிர்த்துத்தான் பேசினார். பேசி, கேட்டதை வாங்கினார். தலைவர் கொதித்துப்போய், "அக்கா, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அக்கா சொன்னார்: "பேசுற பக்கம் ஐயா. அவரு பேசலைன்னா மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டிருப்பாரு. அது உங்களுக்குத்தான் ஆபத்து."

இனி, நீங்கள் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்கிற கதைக்கு வருகிறேன். தலைவர் அவர்களே, தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு உதவியாளராக ஒரு பெண்மணி வந்தார். பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் வேலைக்கு வந்தவர். கணவர் உடல்நலமின்றி வீட்டில் இருந்த நேரம். அந்த வேலையில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. அந்தப் பயமோ என்னவோ, எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். உட்காருங்க என்றால் சரிங்க. எழுந்திருங்க என்றால் சரிங்க. "நீங்க இப்ப உட்கார்ந்தீங்களா, எழுந்தீங்களா?" என்றால் அதற்கும் சரிங்க! ஆகவே ஆலையில் அவர் பெயரே 'சரிங்க' ஆயிற்று. அக்கா அவரையும் சோப்பு அறையில் உட்கார வைத்துக் குடைந்தார், குடைந்தார். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார். அவரோ, "சரிங்க அக்கா" என்றார்!

ஒருநாள் காலை, ஆலையின் பின்பக்கம் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு பெயர்ந்துவிட்டது. வேறு இடத்தில் பெயர்ந்தால் தண்ணீர் வரும். சோப்பு ஆலையில் பெயர்ந்தால்? நுரை! முழங்கால் அளவுக்கு நுரை! முச்சந்தி வரைக்கும் நுரை! கறுப்பு நாய் ஒன்று உள்ளே போய் வெள்ளை ஆட்டுக்குட்டியாக வெளியே வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மறந்துபோயிற்று. பெரியவர்களுக்கு வயது மறந்துபோயிற்று. தெருவே சிரித்தது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தெருவில் படியிறங்கிப் போகிற ஒரு பள்ளமான தையற்கடை. தைத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த துணியெல்லாம் நனைந்து, ஒன்றின் சாயம் ஒன்றில் ஏறிவிட்டது. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்த துணிகள். தையற்கடைக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

செய்தி கேட்டதும் அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கு ஓடினார். ஆட்களைச் சேர்த்து, வாளி வாளியாக நுரையை அள்ளினார். கைபேசி நுரைக்குள் விழுந்து உயிரை விட்டது. பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு அனுப்புகிற பொறுப்பு, அலுவலகத்தில் தனியாக இருந்த 'சரிங்க' தலையில் விழுந்தது.

அவர் முறையாகத் தலைவரிடம் தொலைபேசியில் கேட்டார். "ஐயா, இதைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்கன்னு போடணும்." தலைவர் வேறு ஊரில், வேறு வேலையில். "வழக்கமா போடுறதைப் போட்டுக்கம்மா" என்றார். "சரிங்க" என்றார் இவர்.

வழக்கமாகப் போடுவது எது? ஆலை தெருவை நுரையில் முக்குவது வழக்கமா? இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பெரியவர்களின் வார்த்தை இன்னும் வந்து சேராவிட்டால், அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு, என்ன வரவேண்டும் என்று குறித்துவிட்டு மேலே எழுதிப் போவார்கள். வந்ததும் நிரப்புவார்கள். வராவிட்டால், ரகசியம் சொல்கிறேன், தாங்களே நிரப்பிவிடுவார்கள்! ஆனால் இந்த அம்மையாருக்கு அடுத்தவர் மனதில் ஏறி வருந்தத் தெரியவில்லை. குறி போட்டார், காத்திருந்தார். அதற்குள் நான் கூப்பிட்டேன்: "என்னம்மா, இப்பவே அனுப்புறீங்களா இல்லையா?" அவர் என்ன சொல்லியிருப்பார்? நீங்களே சொல்லுங்கள்! ஆம்! "சரிங்க!" சொன்னார், அனுப்பினார்.

என் மேசைக்கு வந்தது செய்தி. "இது குறித்துத் தொழிற்சாலையின் தலைவர் கூறியதாவது: (இங்கே தலைவர் மிகவும் வருந்துகிறார்)."

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மடியில் விழுந்த பழத்தை மரத்திடம் திருப்பிக் கொடுக்கிறவனா பத்திரிகைக்காரன்? முதல் பக்கத்தில், நாலு பக்கமும் கோடு போட்டுப் பெட்டி கட்டி, அப்படியே போட்டேன்! அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை. அடைப்புக்குறிக்குள்கூட வருந்தியதில்லை!

மறுநாள் ஊர் என்ன ஆயிற்று? தேநீர்க் கடையில் கோப்பை கை தவறி விழுந்தால், "இங்கே கடைக்காரர் மிகவும் வருந்துகிறார்!" பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றால், "இங்கே கண்டக்டர் மிகவும் வருந்துகிறார்!" ஆலையின் மானம் காற்றில் பறந்தது, குமிழி குமிழியாக.

அன்று முற்பகல், தொடர்செய்தி கிடைக்குமா என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். தலைவர் அறையின் கதவு திறந்திருந்தது. பத்திரிகைக்காரன் வந்திருக்கிறபோது கதவைத் திறந்து வைத்தது யார்? அக்கா. இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் கை தூக்குங்கள். யாரும் இல்லை. நல்லது, விவரமான கூட்டம்.

தலைவர் கையில் என் பத்திரிகை. எதிரே 'சரிங்க', அழுது வீங்கிய கண்களோடு. தலைவர் சொன்னார்: "அக்கா, இவங்களை இன்னிக்கே அனுப்பிடுங்க."

அக்கா எதிர்த்துச் சீறுவார் என்று நான் பேனாவைத் திறந்தேன். அவரோ, "அனுப்பிடலாம் ஐயா" என்றார்! எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஆனா காரணம் கேப்பாங்க. ஒருத்தர் வெளிய உக்காந்து பல்லைத் தட்டிக்கிட்டே இருக்காரு பாருங்க. அதுக்கு ஒரு குறிப்பு வேணும். இவ எழுதினா தப்பாயிடுது. நான் எழுதினா வழக்கமானதா ஆயிடும். நீங்களே எழுதிடுங்க. இன்ன காரணத்துக்காக அனுப்புறோம்னு ஒரே ஒரு வரி."

ஒரு வரிதானே! தலைவர் எழுதினார். "தலைவர் வருந்தியதைச் சரியாக வெளியிடாததால்..." நிறுத்தினார். வருந்தினோமா? கிழித்தார். மறுபடி எழுதினார். "தலைவர் வருந்தாததை அப்படியே வெளியிட்டதால்..." ஐயையோ! அதையும் கிழித்தார். கிழித்தது கிழித்தபடி குப்பைக்கூடை நிறைந்தது. அந்த ஒரு வரி வரவில்லை. இதைப் பின்னால் எனக்குச் சொன்னவர் தலைவரேதான். மறுக்கிறாரா பாருங்கள். மறுக்கவில்லை.

கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, பாதிக் கோபமும் பாதிக் கெஞ்சலுமாகக் கேட்டார்: "ஏம்மா, நீயே ரெண்டு வரி போட்டிருக்கலாமில்ல? நான் என்ன வருத்தப்பட்டிருப்பேன்னு உனக்குத் தெரியாதா?"

'சரிங்க' வாயைத் திறந்தார். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கலாம். மன்னிச்சுக்குங்க என்று சேர்த்திருந்தால் நிச்சயமாகத் தப்பியிருக்கும். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா உதவிக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, பேனாவை எடுத்து, முன்பல்லில் மெல்லத் தட்டி, "அப்படியா?" என்றார்.

அந்தப் பெண்மணி நிமிர்ந்தார். "தெரியாதுங்க ஐயா" என்றார். "நீங்க இன்னும் அந்தத் தெருவுக்கே போகலைங்க. அந்தத் தையற்கடைக்காரர் படியில உக்காந்து அழுதாருன்னு அக்கா சொன்னாங்க. அதைப் பாக்காம நீங்க என்ன வருத்தப்படுவீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அந்த இடம் காலியா இருந்துச்சு. நான் பொய் சொல்லி நிரப்பலைங்க."

தலைவர் எழுந்தார். பின்வாசல் வழியாக அந்தத் தெருவுக்கு நடந்தார். விடுவேனா? நானும் பின்னால் ஓடினேன். நுரை வடிந்திருந்தது, வழுக்கல் வடியவில்லை. தையற்கடைப் படியில் தலைவர் கால் வைத்தார். அடுத்த நொடி... தலைவர் அவர்களே, சொல்லட்டுமா? சொல் என்கிறார்! தொப்பென்று உட்கார்ந்தார்!

உட்கார்ந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தார். கொடியில் தொங்கின, சாயம் கலந்த சட்டைகள், பாவாடைகள், ஒரு குழந்தையின் கவுன். எழுந்திருக்கக்கூட மறந்து, "மன்னிச்சிடுங்கய்யா" என்றார். "இவ்வளவு ஆயிருக்கும்னு நினைக்கலை. நான் நேத்தே வந்திருக்கணும்." தையற்கடைக்காரர் கை கொடுத்துத் தூக்கினார். "முதல்ல எந்திரிங்க. அடி பட்டுச்சா? பேன்ட் கிழிஞ்சிருக்கு பாருங்க. உள்ள வாங்க, தெச்சுத் தரேன்." நம் தலைவர் இடுப்பில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கடையில் உட்கார்ந்து, யார் யார் துணி என்னென்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அத்தனைக்கும் பொறுப்பேற்றுக்கொண்டு வந்தார். மறுநாளும் அதே இடத்தில், அதே பெட்டியைக் கட்டினேன். உள்ளே அவர் உட்கார்ந்தபடி சொன்ன வார்த்தைகள். இந்த முறை குறி எதுவும் இல்லை.

அந்த வாரமே பத்திரிகையாளர் சந்திப்பு. மைக்கின் முன்னால் அக்கா இருப்பார் என்று போனேன். 'சரிங்க' இருந்தார்! தலைவரே பதறி, "நீங்க இருக்கும்போது அவங்க எதுக்கு அக்கா?" என்று கேட்டாராம். "நான் இருக்கிறதாலதான் ஐயா அவ பின்னாலயே நிக்கிறா" என்று சொல்லிவிட்டு, அக்கா கடைசி வரிசைக்குப் போய்விட்டார். நான் எழுந்தேன். பேனாவால் பல்லைத் தட்டினேன். "நீங்கதானே அந்த அடைப்புக்குறி?" என்றேன். "ஆமாங்க" என்றார் அவர். "நீங்கதானே அதுக்குப் பெட்டி கட்டினவர்?" மன்றமே சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். நான் அப்படி உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அபூர்வம்.

உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அக்கா. அந்தப் பெண்மணி பேசப் பேச, இவர் உதடுகளும் கூடவே அசைந்தன. எல்லாம் இருவரும் சேர்ந்து ஒத்திகை பார்த்த பதில்கள். திடீரென்று ஒரு கேள்விக்கு இவர் உதடு ஒரு பக்கம் போக, அவர் பதில் வேறு பக்கம் போயிற்று. இவர் எழுதிக்கொடுக்காத பதில்! இவர் நினைத்ததைவிட நல்ல பதில்! அக்காவின் உதடு நின்றது. முகம் மலர்ந்தது. தன்னுடையதல்லாத ஒரு வாக்கியத்தைக் கேட்டு அப்படி மகிழ்ந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. பத்திரிகைக்காரனுக்கு நெஞ்சு இருப்பது வெளியே தெரிந்தால் தொழில் நடக்குமா?

பேர் வாங்குவது பெரிதா? பேர் வாங்கிக்கொடுப்பது பெரிதா? மைக்கைப் பிடிப்பது பெருமையா? பிடித்த மைக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, கடைசி வரிசைக்கு நடப்பது பெருமையா? ஊருக்கு அறிவிக்கிற வேலையில் இருந்துகொண்டு, தன்னைப்பற்றி ஒரு வரி அறிவிக்காதவர் இவர்! எல்லோருக்கும் வாய் கொடுத்துவிட்டால் தனக்கு இங்கே வேலை இருக்காது என்று தெரியும். தெரிந்தேதான் கொடுத்தார். கொடுத்து முடித்துவிட்டார், அதனால்தான் இன்று விடைபெறுகிறார்!

எங்கே போகிறார்? அந்தத் தையற்கடைக்கு மேலே ஒரு மாடி அறை எடுத்திருக்கிறார். ஒரு திருப்பிப் போட்ட நாற்காலி, ஒரு வெறும் மூக்குக்கண்ணாடிச் சட்டம். பேச அஞ்சுகிற யாரும் படியேறலாம். "அங்கேயாவது உனக்குக் கல்யாணம் பேச வர்றவங்களைக் கேள்வி கேட்டு மிரட்டாம இரு" என்கிறார் தாயார், முன்வரிசையிலிருந்து. அம்மா, வாக்குறுதி கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்.

அக்காவின் நாற்காலியில் நாளை முதல் உட்காரப்போவது யார் என்பதை உங்கள் கைதட்டலே சொல்கிறது. அந்தப் புதிய மக்கள் தொடர்பு அதிகாரியைப் போன வாரம் கூப்பிட்டு, "அம்மா, விழாவில் நான் பேசுவதற்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள், வழக்கமாகப் போடுவதைப் போடுங்கள்" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "முடியாதுங்க. நீங்களே பேசுங்க!"

சரி, போகட்டும் என்று இருந்தேன். அழைப்பிதழ் வந்தது. பிரித்தேன். வரவேற்புரை இன்னார், தலைமையுரை இன்னார், எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் இடத்துக்கு வந்தேன். பாருங்கள், எல்லோர் கையிலும் இருக்கிறதே! "வாழ்த்துரை: (இங்கே செய்தி ஆசிரியர் மனதாரப் பாராட்டுகிறார்)."

சிரியுங்கள்! நன்றாகச் சிரியுங்கள்! இருவரும் சேர்ந்து இத்தனை காலம் காத்திருந்து, கட்டிய பெட்டிக்குப் பதில் பெட்டி கட்டிவிட்டார்கள்.

அக்கா, அந்த இடம் காலியாக இல்லை. நான் அந்தத் தெருவுக்கு வந்து என் கண்ணால் பார்த்தவன். ஆகவே இரு பக்கக் குறியையும் எடுத்துவிட்டு, உங்கள் தாயார் முன்னிலையில், ஊரறியச் சொல்கிறேன்: மனதாரப் பாராட்டுகிறேன்!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொறுக்காமல் குறுக்கே பேசிய தாய்மார்க்கும், கதவையே பார்த்து ஏங்கிய என் இனத்தார்க்கும் நன்றி. இதோ தேநீர் வருகிறது. எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்!